ரத்தினசாமி கொடுத்த டேரா

"அந்த வெள்ளை டேரா உங்களுக்கு வேண்டாஞ் சாமி" என்றான் ரத்தினசாமி.

சம்பத்குமாருக்குச் சுருக்கென்றது. ஹைஸ்கூலில் பூகோளம் சொல்லித்தருகிற வாத்தியார் அவர். 1936 கோடை லீவுக்கு, பெண்டாட்டி பிள்ளைகளோடு பிளிகிரி ரங்கன் மலையில் கூடாரம் அடித்துப் பத்து நாள் தங்கப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. லஷ்கர் மொஹல்லாவில் இவன் கடையை விட்டால் டேரா வாடகைக்குக் கிடைக்கிற இடம் மைசூரில் வேறு இல்லை.

"ஏம்ப்பா, கிழிச்சுடுவோம்னு பயமா?"

"அதில்லீங்க. இதெல்லாம் கல்யாணத்துக்கும் தசராவுக்கும் அடிக்கிறதுங்க. பார்வையா இருக்கும், வெயிலுக்கு நெழல் குடுக்கும். மலையில சித்திரை மழை வந்தா அரை நாழி நிக்காதுங்க."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஸத்யபாமாவைப் பார்த்தான். அவள் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"சின்னதும் வருதுங்களா?"

"பின்னே, விட்டுட்டா போவோம்?"

ரத்தினசாமி தலையைச் சொறிந்தான். "நாளைக்குக் காலையில வாங்க. வேற ஒண்ணு கொண்டாறேன்."

மறுநாள் அவன் கொண்டுவந்து போட்டதைப் பார்த்ததும் ஸத்யபாமாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பழுப்பேறிய பழைய டேரா. அங்கங்கே ஒட்டு. போதாக்குறைக்கு அடுப்புப் புகை நாற்றம்.

"பார்த்தேளா?" என்று கணவர் காதைக் கடித்தாள். "புதுசையெல்லாம் பணக்காராளுக்கு ஒதுக்கி வச்சுட்டு, கந்தலை நம்ம தலையில கட்டறான்."

அது ரத்தினசாமி காதிலும் விழுந்துவிட்டது. "புகை ஏறின கித்தானைப் பூச்சி அரிக்காதுங்கம்மா" என்றான்.

கடைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் கம்பத்தை நட்டான். கயிறுகளை இழுத்தான். முளைகளைச் சாய்த்து அடித்தான். வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்தான். இரட்டைக் கூரையோடு ஒரு வீடே எழுந்து நின்றது.

"சாமி, உள்ளே உக்காந்து பேப்பர் படிங்க."

சம்பத்குமார் உள்ளே போனார். ரத்தினசாமி குழாயடியிலிருந்து குடம் குடமாகத் தூக்கிவந்து கூரைமேல் கொட்டினான். பன்னிரண்டு குடம். வெளியே வந்த சம்பத்குமார் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பொட்டு விழலை, பாமா!"

அவளுக்கு மனசு சமாதானமாகவில்லை. ஆனாலும் அவர் ஆசையைக் கெடுப்பானேன் என்று தலையாட்டினாள்.

"மழை பெய்யறப்ப உள்ளேயிருந்து துணியைத் தொட்றாதீங்கம்மா. தொட்ட எடம் ஒழுகும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினான் ரத்தினசாமி.

சாமராஜநகர் வரை ரயில், அங்கிருந்து மாட்டுவண்டி. மலையில் முதல் மூன்று நாளும் சொர்க்கம்.

நாலாம் நாள் பிற்பகல் எதிர்மலை காணாமல் போயிற்று. கரும் சுவர் ஒன்று பள்ளத்தாக்கைத் தாண்டி நடந்து வருகிற மாதிரி இருந்தது. ஸத்யபாமா குழந்தைகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்த நிமிஷம் ஆலங்கட்டி மழை. மரங்கள் தரையைத் தொட்டு எழுந்தன. இடி அவள் நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது. நூறு அடி தள்ளி இறங்கியிருந்த ஒரு கண்டிராக்டரின் புது வெள்ளைக் கூடாரம் கொக்கு மாதிரி எழும்பிப் பறந்துபோயிற்று. அந்தக் குடும்பமும் அலறிக்கொண்டு இவர்களிடமே ஓடிவந்தது.

பழைய டேரா நெஞ்சு நிறைய மூச்சு வாங்குகிறதைப் போல உப்பியது, அமுங்கியது, மறுபடி உப்பியது. ஒரு முளை அசையவில்லை. ஒரு துளி உள்ளே இறங்கவில்லை. இத்தனை ஆரவாரத்திலும் மடியில் குழந்தை வாயைச் சப்பிக்கொண்டு தூங்கியது.

மழை விட்டதும் ஸத்யபாமா வெளியே வந்தாள். கழுவி வைத்த மலை. கீழே பச்சைக்கு நடுவில் யானைக் கூட்டம் ஒன்று குட்டிகளைச் சூழ்ந்துகொண்டு நின்றது. அவள் கை தானாகக் குவிந்தது. யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவனை என்னமா பேசிட்டேன்!" என்றாள் கணவரிடம்.

லீவு முடிந்து மைசூர் ஸ்டேஷனில் இறங்கியதும் டேராவை வண்டியிலேற்றிக்கொண்டு நேரே லஷ்கர் மொஹல்லாவுக்கு விடச் சொன்னாள். மலைக்கோயில் பிரசாதத்தை அவன் கையில் கொடுத்து, வாய்விட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்து ஓட்டல்காரர், "அவன் இருக்கிறது ரயில் பாதைக்கு அந்தண்டை, அரசமரத்துகிட்டே" என்று வழி காட்டினார்.

மரம் இருந்தது. வீடு எதையும் காணோம். சாணி மெழுகிய ஒரு சதுரம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. மூலையில் அடுப்பு. வாசல் இருக்கவேண்டிய இடத்தில், அன்று காலை போட்ட கோலம்.

மரத்தில் சாய்த்து வைத்த ஒரு பாய்க்கடியில் இரண்டு குழந்தைகள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. கிளைகளில் நனைந்த துணிமணிகள் தொங்கின. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"ரத்தினசாமி சம்சாரமாம்மா நீ?" என்று கேட்டார் சம்பத்குமார்.

"ஆமாங்க, சித்தம்மாங்க. அவரு இப்ப வந்துருவாருங்க" என்றவள் வண்டியில் இருந்த சுமையைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. திரும்பிக் குழந்தைகளை உலுக்கினாள்.

"எந்திரிங்க கண்ணுங்களா, நம்ம வீடு வந்திருச்சு!"