புது மானிட்டரும் பழைய டிவியும்

நாகலிங்கம் டிவி பார்ப்பதற்கென்றே வாங்கிய புது மானிட்டர் கூடத்து மேசையில் ஏறியது. பழைய டிவி தரைக்கு இறங்கியது.

"ஐந்து கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு திரைக்கும் நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்து, கடைசியில் என்னைத்தான் எடுத்தார்," என்றது மானிட்டர். "கிரிக்கெட் பந்தின் தையல்கூட என்னில் தெரியும்."

"தெரியட்டும். அடுப்படியில் நிற்கிற அவர் மனைவி வடிவுக்கு என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டது டிவி.

"அங்கிருந்து பார்த்தால் நான் தெரியவே மாட்டேனே!"

"நானும் தெரிந்ததில்லை. பதினோரு வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டேதான் சமைத்தாள். கதாநாயகியின் முகம் அவளுக்குத் தெரியாது. அழுகை தெரியும்."

மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இல்லை. கடையில் நாகலிங்கம் அதைப் பற்றி விசாரிக்கவும் இல்லை.

அவர் இயர்போனைச் செருகிக் காதில் மாட்டிக்கொண்டு, இருவருக்கும் பிடித்த சீரியலைப் போட்டார். படம் பளிச்சென்று ஓடியது.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, டிவியை ஏன் அணைச்சிட்டீங்க?"

மானிட்டருக்குக் கேட்டது. நாகலிங்கத்துக்குக் கேட்கவில்லை.