எண்ணாத மீட்டர்

தேனியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. கதிரியக்க அயோடின் குடிக்கும் நோயாளிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்வது பெனாசிரின் வேலை. நீரில் வெள்ளித் தகடுகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், அயோடின் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதம் கழிவுநீர்த் தொட்டி நிறைந்து புது நோயாளிக்கு இடமில்லாததால், கடமலைக்குண்டு ஊரைச் சேர்ந்த அனுசுயாவின் சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

புதன்கிழமை காலை பெனாசிர் நீரருகே கதிர்வீச்சை எண்ணும் மீட்டரைப் பிடித்தாள். பூஜ்யம். இந்தப் பக்கத்தில் வெறும் பாறையருகே பிடித்தாலே நிமிடத்துக்கு முப்பது காட்டும். வேறு இரண்டு மீட்டர்களும் பூஜ்யமே காட்டின. தகட்டிலும் ஒன்றுமில்லை.

“அப்ப அயோடின் எங்கதான் போச்சு?” என்றார் பொறியாளர் விஜய்பாண்டி.

“தெரியல சார். ஆனா தொட்டியக் காலி பண்ணலாம். அந்தக்கா வரட்டும்.”

வெளி ஆய்வகமும் பூஜ்யம் என்றே எழுதி அனுப்பியது. அனுசுயா வந்து, மருந்தைக் குடித்து, நான்கு நாள் தனியறையில் இருந்தாள். மருந்து சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருப்பதாக ஸ்கேன் காட்டியது.

புறப்படும்போது கேட்டாள்: “பிள்ளையத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாக. எத்தன நாளைக்கு?”

பெனாசிர் அவள் கழுத்தருகே மீட்டரைப் பிடித்தாள். மருந்து உள்ளே இருந்தும் பூஜ்யம். மருத்துவரை அழைத்துக் காட்டினாள். அவர் தாமே இன்னொரு மீட்டரால் இரண்டு முறை அளந்து பார்த்தார்.

“தூக்கிக்கம்மா,” என்றார்.

வாசலில் நின்ற மகளை அனுசுயா இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் தூரம் போகப் போக, பெனாசிரின் கையிலிருந்த மீட்டர், பாறைகளின் வழக்கமான முப்பதை நோக்கி, ஒன்று, இரண்டு என்று மெல்ல எண்ணத் தொடங்கியது.