பொய் சர்வர்

"உள்ளே வந்துட்டான் சார்."

அவள் திரையைக் காட்டினாள். ஆஸ்பத்திரி டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. கொஞ்ச நாளாக யார் யாரோ வெளியிலிருந்து சர்வருக்குள் நுழையப் பார்க்கிறார்கள். அதனால் அசல் சர்வரை வேறு முகவரிக்கு நகர்த்திவிட்டு, பழைய முகவரியில் ஒரு பொய் சர்வரை வைத்திருந்தாள். நோயாளிகளின் பெயர்கள் மட்டும் கற்பனை. மற்றபடி எல்லாம் அசலின் நகல். நுழைகிறவன் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் பதிவாகும்.

இதுவரை வந்தவர்களெல்லாம் குருட்டாம்போக்கில் ஏதாவது பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று வந்தவனோ முதல் முயற்சியிலேயே உள்ளே இருந்தான்.

"யாரோட பாஸ்வேர்டு?"

அவள் பதிவைப் பார்த்தாள். "மீசை சாரோடது."

மீசைக்காரர் அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்தவர். புது மென்பொருளை அவசரப்பட்டுப் போடாதீர்கள் என்று டைரக்டரோடு மல்லுக்கு நின்று வேலையை இழந்தவர். இரண்டு நாளாக அவளுக்கு ஓயாமல் போன். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று அவர் நம்பரையே பிளாக் செய்திருந்தாள்.

"அந்த ஆளு பாஸ்வேர்டை இன்னும் எடுக்கலையா நீ?"

"அசல்ல எடுத்தாச்சு சார். இதுல வேணும்னேதான் விட்டு வச்சேன்."

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பச்சிளங்குழந்தைகள் வார்டு. அதன் கீழே அலாரம்.

இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தால், நர்ஸ் மேஜையில் மணி அடிக்க வைப்பது அந்த அலாரம்தான்.

"பழி வாங்க பிஞ்சுங்கதான் கிடைச்சுதா இவனுக்கு?" டைரக்டர் போனில் போலீஸ் நம்பரை அழுத்தினார்.

வந்தவர் ஒரே ஒரு வரியை மாற்றினார். அடியில் ஏதோ எழுதினார். வெளியேறிவிட்டார்.

டைரக்டர் போனில், "ஒரு புகார் கொடுக்கணும், கொஞ்சம் இருங்க" என்றுவிட்டு அவளிடம் திரும்பினார். "நல்லவேளைம்மா. அவன் கை வச்சது பொய் சர்வர்ல. உன்னாலதான் குழந்தைங்க பிழைச்சுதுங்க."

அவள் மாற்றப்பட்ட வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நிறுத்தம்' என்று இருந்ததை அவர் 'இயக்கம்' என்று மாற்றியிருந்தார்.

நிறுத்தியது யார்?

அவளேதான். புது மென்பொருளைச் சோதித்தபோது சும்மா சும்மா மணி அடிக்கிறதே என்று நிறுத்தி வைத்தாள். திரும்பப் போட மறந்தே போனாள்.

அடியில் அவர் எழுதியிருந்தார்: "என் மருமக அந்த வார்டு நர்ஸ். மணி அடிக்கவே மாட்டேங்குதாம். புது மென்பொருளைக் குறை சொன்னா என்னை மாதிரி வேலை போயிடும்னு வாயைத் திறக்க பயப்படறா. நீயும் போன் எடுக்கலை. வேற வழி தெரியலைம்மா. சரி பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ."

"சார்," என்றாள். "அவர் சரி பண்ணினது பொய் சர்வரை. அசல் இன்னும் அப்படியேதான் இருக்கு."

அசலைத் திறந்தாள். அதே வரியை மாற்றினாள்.

அடுத்த நொடி, மேல்மாடியில் மணி அலறியது. தடதடவென்று ஓடும் சத்தம். யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

மேஜை மேல் இருந்த இன்டர்காம் ஒலித்தது. "மேடம், ஒரு குழந்தை நீலம் பாரிச்சுக் கிடந்தது. மணி அடிச்சதாலதான் பார்த்தோம். இப்பதான் அழுதுது. இனி பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவள் தன் போனை எடுத்து மீசைக்காரரின் நம்பருக்குப் போட்டிருந்த பிளாக்கை நீக்கினாள்.

டைரக்டரின் கையிலிருந்த போனில் போலீஸ்காரர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார், யார் மேல புகார்?"