சிவக்கும் சுவர்

அந்தக் குடியிருப்பில் சுவர்களெல்லாம் தோல் மாதிரி. நகம் பட்டால் வலிக்கிறதாம், சிவந்துபோய் நிர்வாகத்துக்குச் சொல்லிவிடும். கீறியது பூனையோ மனிதரோ, ஒரு வாரத்துக்குள் நகத்தை எடுத்தாக வேண்டும். எட்டாம் மாடித் தையல்காரர் இப்போது சட்டைப் பித்தானைப் போட மனைவியைக் கூப்பிடுகிறார்.

ஜெபராணி வீட்டுச் சுவர் சிவந்ததும் விசாரிக்க ஒரு பெண் வந்தாள். "பூனைதாங்க" என்றாள் ஜெபராணி, யோசிக்காமல்.

மிருக டாக்டர் பூனை மிட்டாயின் பாதத்தை அமுக்கிக் காட்டினார். "நகத்த மட்டும் புடுங்க முடியாதும்மா. விரல் நுனி எலும்போட சேத்து வெட்டணும். அப்புறம் காலை ஊன்றினாலே வலிக்கலாம். வேற வழியே இல்லையா?"

ஜெபராணி பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். ஏழு வயது அபிஷாவுக்குப் பயம் வந்தால் கை எதையாவது பிறாண்டும். இப்போதும் அது மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க" என்று அந்தக் கையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து மிட்டாய் கட்டுப்போட்ட கால்களோடு வீட்டுக்கு வந்தது. ஓரடி வைத்தது, நின்றது, காலைத் தூக்கிக்கொண்டு முனகியது. பார்த்துக்கொண்டே பின்வாங்கிய அபிஷா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் விலகியபோது சுவரில் ஐந்து சிவப்புக் கோடுகள் இருந்தன.

விசாரிக்கும் பெண் நாளைக் காலை வந்துவிடுவாள். ஜெபராணி ஒரு சாக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மீன் சந்தைக்குப் பின்னால் தெருப்பூனைகள் நிறையத் திரியும்.

இந்தத் தடவை பெயர் வைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.