கை மட்டும் தெரிந்த வீடியோ

"அஜந்தா எண்டு இஞ்ச ஒருத்தரும் இல்ல தம்பி" என்றாள் மங்கையற்கரசி. வாசல் படலையைத் திறக்கவில்லை.

வெளியே நின்றவனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் பெயர் பிரதீஸ் என்றான். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, அதை அஜந்தாவிடம் மட்டும்தான் சொல்ல முடியும் என்றான்.

அஜந்தா மகளோடு தன்னாமுனைக்கு வந்து, இந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஊருக்கு அவள் பெயர் சுதா. அவள் கையில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றிய புருஷன் விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். அவனுடைய ஆட்கள் அவளைத் தேடித் திரிகிறார்கள். இதெல்லாம் மங்கையற்கரசி ஒருத்திக்குத்தான் தெரியும்.

வீடு மாறி வந்துவிட்டீர்கள், இது கேக் செய்து விற்கிற வீடு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கணவர் உள்ளே படுத்திருக்கிறார் என்றும் சொன்னாள். உண்மையில் அவர் புளியந்தீவுக்குப் போயிருந்தார், திரும்ப நேரமாகும்.

அவன் போகவில்லை. போனை எடுத்துப் படலைக்கு மேலாக நீட்டினான். கோயில் திருவிழாவில் நிற்கிற வயதான பெண் ஒருவரின் படம்.

"இது அஜந்தாட அம்மா. குருக்கள்மடத்தில இருக்கிறா. பேஸ்புக்கில அவ எந்தப் படத்தப் போட்டாலும், ரோசாப்பூப் படம் வச்ச ஒரு கணக்கில இருந்துதான் முதல் லைக் விழுது. பேரும் பொய்ப் பேர். அது அவவேதான்."

அந்த ரோசாப்பூக் கணக்கு வேறு ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் லைக் போட்டிருந்ததாம். விரலால் தள்ளி அதையும் காட்டினான். மங்கையற்கரசியின் கேக் பக்கம்.

அதில் இருந்த வீடியோவை அவளேதான் எடுத்தாள். நத்தார் பண்டிகைக்கு வந்த ஓடர் ஒன்றுக்கு அஜந்தா கேக்கில் கிறீம் பூ வைக்கிறாள். முகம் விழாமல் கவனமாக எடுத்து, அவளிடமும் காட்டித்தான் போட்டது. கைதானே அக்கா, போடுங்க என்று அவளும் சொல்லியிருந்தாள்.

பிரதீஸ் வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினான். மணிக்கட்டிலிருந்து மேலே ஏறிய சுட்ட தழும்பு திரை முழுக்க நின்றது.

"இந்தத் தழும்பு தெரிஞ்ச ஆளுக்கு முகம் தேவையில்லை அக்கா" என்றான் மெதுவாக. "பின்னால கொடியப் பாருங்க. பள்ளிக்கூடச் சட்டையோட டையும் காயுது. பிள்ளை எங்க படிக்குது எண்டும் தெரியுது."

வீட்டுக்கு எப்படி வந்தாய் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கேக் எடுக்க வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று அந்தப் பக்கத்தில் வரைபடம் போட்டதும் அவள்தான்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதுதான் மண்டைக்குள் ஓடியது. அது தன் மச்சாளின் கை, அவள் இப்போது டோஹாவில் என்றாள். பிறகு, இப்போதே போகாவிட்டால் பொலிசுக்குப் போன் அடிப்பேன் என்றாள்.

அவன் கோபப்படவில்லை.

"அடிங்க அக்கா. அதுதான் சரி. அதுக்குள்ள, பிரதீஸ் வந்து வாசலில நிக்கிறான் எண்டு மட்டும் அவவிட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு எதிரே வேப்ப மர நிழலுக்குப் போய் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்றான். கண் படலையை விட்டு எடுபடவில்லை.

மங்கையற்கரசி முன்கதவைப் பூட்டித் தாழ்ப்பாளும் போட்டாள். குசினியில் அஜந்தா மாவை அரித்துக்கொண்டிருந்தாள். மங்கையற்கரசி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடு புள்ள. பின்பக்கத்தால வாவிக் கரையப் பிடிச்சுப் போ. வாசலில ஒருத்தன் வந்து நிக்கிறான். பிள்ளைய நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அஜந்தா அசையவில்லை. மங்கையற்கரசிக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், என் கேக் பக்கம்தான் அவனை இங்கே கொண்டுவந்தது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

என்னத்தை வைத்துப் பிடித்தானாம் என்று அஜந்தா கேட்டாள். மங்கையற்கரசி தேம்பித் தேம்பி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரோசாப்பூ, தழும்பு, கொடியில் காய்ந்த சட்டை, வரைபடம். ஒவ்வொன்றுக்கும் அஜந்தாவின் முகம் வெளிறிக்கொண்டே போனது. ஆனாலும் ஒன்றையும் விடாமல் கேட்டாள். பேர் என்ன சொன்னான் என்றும் கேட்டாள். பிரதீஸ் என்றதும் மாவுக் கையைக் கழுவித் துடைத்தாள்.

"கதவத் திறந்து அவர உள்ள வரச் சொல்லுங்க அக்கா. என்ட புருஷனுக்கு என்னென்ன தெரியுமோ அத மட்டும் சொல்லி, ஏலுமெண்டால் என்னக் கண்டுபிடியுங்க எண்டு இந்த வேலை தெரிஞ்ச அந்தத் தம்பியப் போனில கேட்டதே நான்தான். திங்கக்கிழம அந்தாளுக்குப் பிணை குடுக்கிறாங்களாம். அவன் வெளிய வந்து தேட முந்தி, எதையெல்லாம் அழிக்க வேணும் எண்டு எனக்குத் தெரியவேணாமா?"