குமரவேல் பார்த்த பச்சை

ரயில்வே வேலைக்கான கண் பரிசோதனையில் குமரவேலுக்குப் பச்சை தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போனபோது அம்மா அதைச் சொல்ல விடவில்லை. கல்யாணமாகி ஆறு வருடங்களாக, சுகந்தி எந்தப் புடவையைக் காட்டினாலும் "உனக்கு எடுப்பா இருக்கு" என்றே சமாளித்து வந்தான். வடதுருவப் பக்கத்து வானில் பச்சையாக நெளியும் துருவ ஒளியைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டபோதுதான் வசமாக மாட்டிக்கொண்டான்.

போய் இறங்கிய ஊரில் பிற்பகல் நான்கு மணிக்கே கும்மிருட்டு. உறைந்த ஏரியின் மேல் சுற்றுலா வந்த எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். வானத்தின் குறுக்கே வெளிறிய புகைபோல ஒன்று நெளிந்தது.

"அடேயப்பா, என்னா பச்சை!" என்று குமரவேல் முந்திக்கொண்டான்.

சுகந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "பச்சையா? எனக்குச் சாம்பலாத்தாங்க தெரியுது."

அழைத்து வந்த வழிகாட்டியும் அதையே சொன்னார். ஒளி இவ்வளவு மங்கலாக இருந்தால் யார் கண்ணுக்கும் நிறம் பிடிபடாதாம், கேமராவுக்கு மட்டும்தான் தெரியுமாம்.

குமரவேலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்து இமையிலேயே உறைந்தது.

"எனக்கும் சாம்பல்தான் சுகந்தி."

"பின்ன எதுக்குப் பொய் சொன்னீங்க? இதுல பாருங்க, இதுதான் பச்சை." போனில் எடுத்த படத்தை நீட்டினாள்.

அவன் நிதானமாகப் பார்த்தான். "இதுவும் சாம்பலாத்தான் தெரியுது. எனக்கு எல்லாப் பச்சையும் இப்படித்தான். சின்ன வயசுலேர்ந்தே."

அவள் போனை அணைத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, அவன் தோளை ஒட்டி நின்று அண்ணாந்தாள்.