வெளியே போய்ப் பேசுங்க

"பெத்த அம்மாவைப் பார்க்க வந்த என்னையே வெளியே போகச் சொல்றா உன் பொண்டாட்டி. நீ கேட்க மாட்டியாடா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி சீனுவைப் பிடித்துக்கொண்டாள் மேகலா. தன் வீடு இருக்கும் அடுகோடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த களைப்பு வேறு.

பக்கவாதம் வந்து அம்மா வேதநாயகி படுத்து ஒரு வாரம் ஆகிறது. கண் திறந்து பார்க்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

"ரெண்டு மூணு நாளா இப்படித்தான்க்கா. யார் வாயைத் திறந்தாலும் 'வெளியே போய்ப் பேசுங்க'ன்னு துரத்தறா. என்னையும்தான்."

"பெரிய டாக்டரம்மா! இப்போ ஏதோ ஸ்கேனாமே?"

"மூளைக்குப் போற ரத்தம் எப்படி ஓடுதுன்னு பார்ப்பாங்களாம். அதை வெச்சு, தேறுவாங்களான்னு ஓரளவு சொல்லலாமாம். எடுத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா."

மேகலா குரலைத் தாழ்த்தினாள். "புரியலையா உனக்கு? தேறமாட்டாங்கன்னு தெரிஞ்சா எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளிடலாம்னு பார்க்கறா."

இருக்குமோ என்று சீனுவுக்கும் தோன்றியது.

உள்ளே டாக்டர் ஸ்ரீகண்டன் வேதநாயகியின் நெற்றிப்பொட்டில் பசை தடவி, பேனா போன்ற கருவியை வைத்து அழுத்தினார். அதோடு இணைத்திருந்த பெட்டியிலிருந்து புஸ் புஸ்ஸென்று சத்தம் வந்தது.

"ஒண்ணும் இல்ல அத்தை, வலிக்காது" என்று சிந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் சிரித்தபடி வெளியே வந்தார்.

"ரத்த ஓட்டம் நல்லா திரும்பியிருக்கு. நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன். ஆனா பயிற்சி கொடுத்தா நடப்பாங்க, பேச்சும் மெதுவா வரும்னு நம்பறேன்."

மேகலா கைகூப்பி அழுதேவிட்டாள். அந்த அழுகை பொய்யில்லை.

"இன்னொண்ணு. அவங்களுக்குப் பேசத்தான் வரலை. நாம பேசறது புரியுது. அதை முதல்ல கண்டுபிடிச்சதே அவங்க மருமகள்தான். ஞாயித்துக்கிழமை பக்கத்துல யாரோ பேசினதைக் கேட்டு அம்மா கண்ணுல தண்ணியா கொட்டுச்சாம். யாருன்னு கேட்டேன், சொல்லவே மாட்டேன்னுட்டாங்க."

டாக்டர் போய்விட்டார். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று பேசியது அவர்கள்தான். குடியாத்தத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்த அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. அவளுக்குத் தெரியக்கூடாத பேச்சென்றால் கன்னடத்துக்கு மாறிவிடுவது பிள்ளைகளின் வழக்கம். அன்றைக்கு மட்டும், அம்மாவுக்கு இனி எதுவும் புரியாது என்று, தமிழிலேயே பேசிவிட்டார்கள்.

"உன் வீட்டுலயும் வெச்சுக்க முடியாது, என் வீட்டுலயும் முடியாது. இப்படிக் கிடக்கறதுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவலை."